ஊசி இறங்கிய பக்கம்

10–2–1988, புதன்.
செய்தது: பிரிண்டர் உருளையில் ரப்பர் சுற்றி முதல் பிரெயில் அச்சு. புள்ளி எழும்பியது. பேச்சித்தாய் அக்கா தடவிப் பார்த்து, நன்றாகத் தட்டுப்படுகிறது என்றார்கள்.
பிழை: சோதனைத் தாளில் ஆறு புள்ளியும் நிறைந்த கட்டங்களை மட்டும் அடித்தேன். ஒரு வரியாவது எழுத்து அடித்திருக்க வேண்டும். சிறு பிழை.
நாளை: ரிப்பனை மறுபடி மாட்டிவிட்டுச் செல்லப்பா சாரிடம் வகுப்புச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

காசிராஜன் தினமும் இப்படித்தான் எழுதுவான். செய்தது, பிழை, நாளை என்று மூன்றே தலைப்பு. பிழை என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றும் எழுதாத நாள் அந்த நோட்டில் கிடையாது. பகலில் அவன் துண்டுக் கம்பெனியில் சரக்கு எழுதுகிறவன். தறியிலிருந்து வருகிற துண்டுகளை எண்ணிக் கட்டி, சீட்டு ஒட்டி, நோட்டில் பதிய வேண்டும். ஒரு தடவை எண்ணினால் அவனுக்கு நம்பிக்கை வராது. கட்டின கட்டை அவிழ்த்து மறுபடி எண்ணுவான். "ஏலே காசி, ராத்திரியில துண்டு குட்டி போட்டுருமோன்னு பாக்கியா?" என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே எண்ணுவான்.

மாலை ஆறு மணிக்குச் சங்கரன்கோவில் வடக்கு ரத வீதியில் கம்ப்யூட்டர் வகுப்பு. செல்லப்பா சார் டைப்ரைட்டிங் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். ஊரில் முதல் ஆளாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி மாடியில் வைத்து, போர்டை மாற்றி எழுதிவிட்டார். ஒரு மெஷினுக்குப் பதினோரு மாணவர்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். மற்ற நேரத்தில் நோட்டில் எழுதிப் பழக வேண்டும். மெஷினில் அடிப்பதைவிட நோட்டில் எழுதுவது காசிராஜனுக்கு நன்றாக வந்தது.

அந்த மாடிக்குக் கீழே நகர நலக் கழகத்தின் அறை. திங்கள், புதன், வெள்ளி நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கே ஷம்சாத் பேகம் என்ற பெண் உரக்கப் புத்தகம் வாசிப்பாள். கேட்டு எழுதுகிறவள் பேச்சித்தாய். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். இருபத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கினால், தான் படித்த பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை அவளுக்கு இருந்தது. அந்த வருஷக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. சும்மா இருப்பதுதான் அவளுக்கு ஆகவில்லை.

பாக்கி இருந்த பெரிய தடை ஐரோப்பிய வரலாறு. இருநூற்று அறுபது பக்கம். பிரெயிலில் அந்தப் புத்தகம் கிடையாது. பேகம் ஒரு வாக்கியம் வாசித்து நிறுத்துவாள். பேச்சித்தாய் இரும்புச் சிலேட்டுக்குள் கெட்டித் தாளைச் செருகி, சின்ன ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அதை எழுதிக்கொள்வாள். வாரத்துக்குப் பன்னிரண்டு பக்கம் நகரும். பேகத்துக்குச் சம்பளம் கழகம் கொடுத்தது. அதன் செயலாளர் பொன்னுச்சாமி அண்ணாச்சி உரக்கடைக்காரர். எந்த நன்மை செய்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறவர். ஆனாலும் செய்கிறவர்.

காசிராஜன் வகுப்புக்குக் கால் மணி முன்னதாகவே வந்து மாடிப்படியில் நிற்பான். ஊசி குத்தும் சத்தம் அவனை இழுத்தது. டக், டக்டக், டக். நாலைந்து நாள் போனபின் உள்ளேயிருந்து பேச்சித்தாய் கேட்டாள்.

"யாரு அது, தெனமும் படியில நின்னு ஓசியில பி.ஏ. படிக்கது?"

பேகம் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "மேல கம்ப்யூட்டர் படிக்க அண்ணன், அக்கா. நோட்டும் கையுமா நிக்காவ."

"உள்ள வந்து நிக்கச் சொல்லுட்டி. நெப்போலியனப் பாதியில விட்டுட்டுப் போனா அவருக்குப் பாவம்லா."

அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாகப் பிரெயில் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. இடமும் வலமுமாக இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. எந்தெந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது என்பதுதான் எழுத்து. அதற்கு முந்தின வாரம்தான் செல்லப்பா சார் வகுப்பில், கம்ப்யூட்டருக்கு இரண்டே சங்கதிதான் தெரியும், உண்டு, இல்லை என்று சொல்லிக்கொடுத்திருந்தார். காசிராஜனுக்குப் பொறி தட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சரிபார்க்காமலே ஒரு விஷயம் சரி என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அதை அவளிடம் சொன்னான்.

"அக்கா, தராசுல ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டுன்னு ஆறு எடைக்கல்லு வச்சிருக்கோம்னு வைங்க. எந்தெந்தக் கல்லப் போடுதோமோ அதுக்கு ஒரு கூட்டுத்தொகை வரும். ஒரு தொகை ஒரே ஒரு வகையிலதான் வரும். அஞ்சுன்னா ஒண்ணும் நாலும் மட்டுந்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கல்லு குடுத்திட்டா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் ஆயிரும். நம்பரக் குடுத்தா மெஷின் வச்சுக்கிடும். கேக்கும்போது மறுபடி புள்ளியாக் குடுக்கும்."

பேச்சித்தாய் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அவள் கணக்குப் போடும்போது உதடு அசையாது.

"எல்லாக் கல்லும் போட்டா அறுவத்தி மூணு. ஒண்ணுமே போடாதது ஒண்ணு இருக்கே, அதயும் சேத்தா அறுவத்தி நாலு. அந்த வெத்துக் கட்டந்தான் ரெண்டு வார்த்தைக்கு நடுவுல விடுத எடம். சரியா?"

காசிராஜன் அந்தப் பூஜ்யத்தை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டான்.

இன்னொரு வேடிக்கையும் அவனுக்குப் பிடிபட்டது. செல்லப்பா சாரின் மெஷினுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. கொம்பும் காலும் சுழியும் போட அதற்கு வழியில்லை. ஊரிலுள்ள மற்றவர்களின் தமிழை அதில் கொண்டுவர முடியாது. பேச்சித்தாயின் தமிழுக்கோ கொம்பும் காலும் தேவையில்லை. மெய்யைக் குத்தி அடுத்ததாக உயிரைக் குத்தினால் முடிந்தது. அந்த மெஷின் பேசக்கூடிய ஒரே தமிழ் அவளுடையதுதான். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

எழுத்துப் பட்டியல் எடுக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அவள் சிலேட்டில் தாளைச் செருகி, "இது அ. இது ஆ" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிப் படம் வரைந்தான். வரைந்ததை அடுத்த முறை அவள் வந்தபோது திரும்பக் குத்தச் சொல்லி ஒத்துப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டான். ல என்ற எழுத்துக்கு ஐம்பத்தாறு வந்தது. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் அதை எண்ணாக மாற்றிக்கொள்கிற புரோகிராமை எழுதினான்.

அச்சடிக்கிற வழியைச் சொன்னது செல்லப்பா சார். பிரிண்டரின் ரிப்பனைக் கழற்றிவிட்டு, உருளையில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, கெட்டித் தாளைக் கொடுத்து, முற்றுப்புள்ளியை ஒரே இடத்தில் நாலு தடவை அடிக்க வைத்தால் தாள் பின்பக்கம் புடைக்கும். மனுஷனுக்கு இந்த மாதிரிக் கைவேலையில் மூளை உண்டு. பின்பக்கம் புடைப்பதால் எல்லாவற்றையும் இடவலமாகத் திருப்பி அடிக்க வேண்டும் என்பது காசிராஜனுக்கே தோன்றியது. எழுத்துகளின் வரிசையைத் திருப்ப ஒரு வரி, ஒவ்வொரு கட்டத்தையும் திருப்ப ஒரு வரி என்று புரோகிராமில் சேர்த்தான். அதைத் தானாகவே கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

செல்லப்பா சாருக்கோ வேறு கணக்கு. "ஏலே, பொன்னுச்சாமி அண்ணாச்சியக் கூப்பிட்டு ஒரு விழா வச்சிருவோம். பேப்பர்ல வரட்டும். வந்தபெறவு பகல் பூரா மெஷின நீயே எடுத்துக்கோ. டைப் அடிக்க ரெண்டு பிள்ளைகள விடுதேன். மார்ச்சுக்குள்ள மொத்தப் புத்தகமும் அடிச்சுத் தள்ளிரலாம்."

காசிராஜன் அதை அப்படியே பேச்சித்தாயிடம் சொன்னான். பேச்சித்தாய் உடனே சந்தோஷப்படவில்லை. "பேகம் இருக்கா. மே மாசத்துக்குள்ள எப்படியும் ஓட்டிருவோம். ஆனா ஒண்ணு, நீ அடிச்சுத் தந்தா ரெண்டாவது வாட்டி படிக்க நேரம் கெடைக்கும்" என்றாள். அந்த இரண்டாவது வாட்டிக்குத்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி நடந்தது அந்தச் சோதனைதான். புள்ளியின் உயரம் போதுமா என்றுதான் அன்றைக்கு எல்லாருக்கும் கவலை. ஆறு புள்ளியும் நிறைந்த கட்டம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். பிறகு பிரிண்டரில் ஒரு மில்லுக்குப் பில் அடிக்க வேண்டியிருந்ததால் சார் ரிப்பனை மாட்டச் சொல்லிப் பூட்டிவிட்டார். காசிராஜன் இரண்டு தடவை கேட்டான். "விழா அன்னைக்கு அடிக்கலாம்லே, என்ன பயப்படுத" என்றார். மூன்றாவது தடவை கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் திரையில் தெரிந்த படங்களை நோட்டில் வரைந்த படங்களோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தான். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

விழா இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை. மாடியில் முப்பது நாற்காலி. திருநெல்வேலியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். பொன்னுச்சாமி அண்ணாச்சி சால்வையோடு நின்றார். பேச்சித்தாயை முன்வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் பேகத்தை நிறுத்தியிருந்தார்கள். பிரிண்டர் டரக் டரக் என்று குத்த ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தாள் வெளியே வந்தது. காசிராஜன் அதைத் திருப்பி, புடைத்த பக்கம் மேலாகப் பேச்சித்தாயின் மடியில் வைத்தான்.

அவள் விரல் முதல் வரியில் ஓடியது. நின்றது. ஆரம்பத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது வரிக்குப் போனது. காசிராஜன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது.

"என்னலே இது?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வரிசையெல்லாம் சரியா வருது. எழுத்து ஒண்ணுகூட எழுத்தா இல்ல."

செல்லப்பா சார் குனிந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கூட்டத்துக்கான சிரிப்பு. "தாயி, மனப்பாடமா இருக்கத ஏதாவது சொல்லு. இங்கன யாருக்குத் தெரியப் போகுது? விழா முடியட்டும்."

அவள் காசிராஜன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீ சொல்லு காசி. வாசிக்க முடியலன்னு சொல்லவா, இல்ல வாசிக்க மாதிரிச் சொல்லவா?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் ஒரு காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து தயாராக இருந்தார். காசிராஜனுக்கு எங்கே தப்பு என்று தெரியவில்லை. தெரியாத தப்பை எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தான். அந்த யோசனை ஒரு சாக்கு என்பதும் அதே நொடியில் அவனுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க அக்கா. பெறவு நான் சரி பண்ணிருதேன்."

பேச்சித்தாய் தாளில் விரலை வைத்தாள். பேகம் வாசித்து அவள் குத்தி எழுதிய மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பாராவை, தப்பில்லாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லும்போது விரலையும் நகர்த்தினாள். பேகத்துக்கு எதுவும் தெரியாததால் அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். கைதட்டல் எழுந்தது. விளக்கு மின்னியது.

பொன்னுச்சாமி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். இனிமேல் இந்தச் சகோதரிக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டிய நிலை இல்லை என்றார். வாசிப்பதற்குக் கழகம் கொடுத்துவந்த தொகை மார்ச் முதல் தேதியிலிருந்து தாள் வாங்கச் செல்லப்பா அவர்களிடம் கொடுக்கப்படும் என்றார். மறுபடி கைதட்டல். பேகத்தின் கை பாதியில் நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காசிராஜன் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேச்சித்தாய் கையால் குத்திய பழைய தாள் ஒன்று அவனிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அரைமணியில் விளங்கிவிட்டது. சிலேட்டில் எழுதுகிறவர்கள் வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் திருப்பித்தான் குத்துவார்கள். தாளை எடுத்துப் புரட்டினால்தான் எழுத்து நேராகும். அவன் வரைந்தது ஊசி இறங்கிய பக்கத்துப் படம். அது ஏற்கெனவே திரும்பிய படம். அதைப் புரோகிராம் இன்னொரு தடவை திருப்பியிருந்தது. ல என்பது இடது வரிசையின் மூன்று புள்ளி; ஐம்பத்தாறு அல்ல, ஏழு. வலது வரிசையின் மூன்றும் சேர்ந்த ஐம்பத்தாறு என்பது ள. அவன் வைத்திருந்த எண்களில் இடவலம் ஒன்றாக இருக்கிற நாலைந்தைத் தவிர அத்தனையும் இப்படித்தான். திருத்துவதற்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டத்தைத் திருப்பச் சொல்லி அவன் பெருமையாகச் சேர்த்த அந்த ஒற்றை வரியை எடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் ஆளாக மாடியேறினான். செல்லப்பா சார் பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அச்சுத் தலையில ரெண்டு ஊசி ஒடிஞ்சு போச்சுலே. கெட்டித்தாளு, நாலு குத்து. வேற தலை மெட்ராஸ்லேந்து வரணும். இனிமே இதுல துணிக்கடை பில்லுகூட அடிக்க முடியாது."

"சார், தப்பக் கண்டுபிடிச்சிட்டேன். ஒரு வரிதான். புதுத் தலை வந்ததும்..."

"வந்ததும் பில்லு அடிப்பேன்." அவர் கோபப்படவில்லை. பேப்பரை எடுத்துக் காட்டினார். படத்தில் பேச்சித்தாயின் விரலும் சாரின் சிரிப்பும் தெளிவாக விழுந்திருந்தன. காசிராஜனின் தோள்பட்டை மட்டும் வந்திருந்தது. "எட்டுப் பேரு புதுசாச் சேந்திருக்கானுவ. ஏப்ரல்லேந்து காலை வகுப்ப நீ எடு, சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும். ஜூன்ல சர்டிபிகேட் தாரேன். அந்தப் பிள்ள காரியத்தப் பெறவு பாப்போம்."

"அக்காவுக்கு வாசிக்க ஆள நிறுத்திட்டாங்களே சார். அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த..."

"என்னன்னு சொல்லுவ? சபையில பொய் சொல்லச் சொன்னேன்னா? நான் சொன்னத அவ கேக்கல. நீ சொன்னதத்தான் கேட்டா. நெனச்சுப் பாரு."

காசிராஜன் நினைத்துப் பார்த்தான். அன்றைய நோட்டில் பிழை என்ற தலைப்புக்குக் கீழே, பிரிண்டரில் இரண்டு ஊசி ஒடிந்தது என்று எழுதினான்.

அந்த வாரமே பேச்சித்தாய் பொன்னுச்சாமி அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். பேகம்தான் கூட்டிப் போனாள். தாள் படிக்கிற மாதிரி இல்லை, பேகத்தை நிறுத்த வேண்டாம் என்று கேட்டாள். அண்ணாச்சி உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, நீயே படிச்சிய. நான் என் கண்ணால பாத்தேன். அதிகாரி பாத்தாரு. அன்னைக்குப் படிச்சது பொய்யின்னா, எங்க அத்தன பேரையும் உக்கார வச்சு முட்டாளாக்குனியா?"

உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவள். பொய்யை வைத்துக்கொண்டால் படிப்பு போகும். பேகம் அந்தச் சனிக்கிழமையே கடையநல்லூரில் மாமி வீட்டுக்குப் போய் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சும்மா வாசிக்க வருகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். அவள் வாப்பா விடவில்லை.

இதையெல்லாம் பேகம் பஸ் ஏறுவதற்கு முன் காசிராஜனிடம் சொல்லிவிட்டுப் போனாள். மார்ச் ஆறாம் தேதியிலிருந்து ஞாயிறுதோறும் அவன் கரிவலம்வந்தநல்லூருக்குப் போக ஆரம்பித்தான். முதல் நாள் வாசலில் நின்று, நடந்ததை விளக்க ஆரம்பித்தான். எண்களைச் சொன்னான். ஏழும் ஐம்பத்தாறும் சொன்னான்.

"புரிஞ்சுது" என்றாள் பேச்சித்தாய். "நான் எழுதுத பக்கத்தப் பாத்து எழுதிட்ட. படிக்க பக்கத்தப் பாக்கல. தாளு என் கையிலதான் இருந்துது. ஒரு வாட்டி கேட்டிருந்தா புரட்டிக் காமிச்சிருப்பேன். சரி, உக்காந்து வாசி. நூத்தி நாப்பத்தெட்டுல நிக்கி. வேற ஒண்ணும் பேசாத."

அவன் வாசித்தான். பேகத்தின் வாசிப்பு அவனுக்கு வரவில்லை. வாக்கியத்தைத் தப்பான இடத்தில் நிறுத்துவான். சரியாகத்தான் படித்தோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி படிப்பான். அவள் குத்தியதை அழித்துக் குத்த வேண்டி வரும். நாலு மணி நேரத்தில் ஐந்தாறு பக்கம். ஏப்ரலில் காலை வகுப்பும் சேர்ந்ததால் அவன் குரல் ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டிப்போயிருக்கும். கம்பெனி விட்டு அன்றாடம் வரலாம் என்றால் திரும்பப் பஸ் கிடையாது. பத்து ஞாயிறு முடிந்தபோது இருநூற்று மூன்றாம் பக்கத்தில் நின்றார்கள். ஐம்பத்தேழு பக்கம் பாக்கி. பேகம் இருந்திருந்தால் மே மாதம் பிறந்த ஒரு வாரத்துக்குள் கடைசிப் பக்கமும் முடிந்திருக்கும். காசிராஜன் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தான். இரண்டு தடவை.

மே பன்னிரண்டாம் தேதி பரீட்சை. அவள் சொல்லச் சொல்ல ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதினாள். கேள்வித்தாளில் பாதி அந்த ஐம்பத்தேழு பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் அவள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. எழுதவந்த பெண், "அக்கா, வேற?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாளாம்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காசிராஜன் மறுபடி போனான். வாசிக்கப் புத்தகம் கொண்டுபோயிருந்தான். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"அக்டோபர்ல திரும்ப எழுதணும். நீ வாசிச்சா ஆகாது. உனக்கு வராது, எனக்கும் கோவம் வருது. பேகம் மாதிரி ஒரு ஆளு வேணும். அதுக்கு அண்ணாச்சி மறுபடி ஏற்பாடு பண்ணணும். அவர் நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ எழுதிக் குடு."

"என்னன்னு அக்கா?"

"நடந்தத. கையெழுத்துப் போட்டு."

சர்டிபிகேட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. காலை வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர். அவனைச் சார் என்று கூப்பிட்டார்கள். துண்டுக் கம்பெனியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, எண்ணிப் பாக்கியா?" என்றாள் பேச்சித்தாய்.

அவன் நோட்டை எடுத்தான். அரைமணி நேரம் எழுதினான், அடித்தான், எழுதினான். பிறகு வாசித்துக் காட்டினான்: "ஐயா, கடந்த பிப்ரவரி இருபத்தேழாம் தேதி நடந்த விழாவில் அச்சிடப்பட்ட பிரெயில் தாள், சில தொழில்நுட்பக் காரணங்களால், வாசிக்க இயலாததாக அமைந்துவிட்டது..."

"நிறுத்து. அது யாரு, தொழில்நுட்பக் காரணம்? எந்த ஊரு ஆளு?"

அவன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான்.

"அவரா என் காதுல வந்து 'சொல்லுங்க அக்கா'ன்னு சொன்னாரு? மடியில தாள வச்சது அவரா? இந்த மூணு மாசமா அண்ணாச்சி கடையக் கடந்து தெனமும் வகுப்புக்குப் போனது அவரா? பேரு போட்டு எழுது. தாளு அப்பிடி இருந்துச்சு, இப்பிடி அமைஞ்சுச்சுன்னு எழுதாத. நான் செஞ்சேன்னு எழுது. நானும் சபையில பொய் சொன்னேன். அதயும் எழுது. விட்டுராத."

மூன்றாவது தடவை எழுதினது அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எழுத்துப் படத்தை எழுதும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது நான். விழாவுக்கு முன் ஓர் எழுத்தையும் அச்சடித்து அவரிடம் காட்டாதது நான். படிக்க முடியவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். மனப்பாடமாகச் சொல்லும்படி செல்லப்பா அவர்கள் சொன்னார், நானும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அவர் அப்படிச் சொன்னார். தாள் வாங்கக் கொடுத்த தொகையில் இதுவரை ஒரு பக்கமும் அச்சாகவில்லை. அவருக்கு வாசிக்க ஆள் தேவை.

பேச்சித்தாய் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையை நீட்டித் தாளை வாங்கி, தடவிப் பார்த்தாள். பேனா எழுத்தில் தட்டுப்பட ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"நீ வாசிச்சதுதான் இதுல இருக்குன்னு நம்புததுக்கு எனக்கு என்ன இருக்கு?" என்றாள். "சரி. நம்புதேன். வேற வழி இல்ல. ஆனா இதக் குடுத்துட்டா நமக்குள்ள எல்லாம் நேராயிருச்சுன்னு நெனச்சுக்கிடாத. அது வேற."

"இல்ல அக்கா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போ."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். சங்கரன்கோவிலில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தை இன்னொரு தாளில் நகல் எடுத்தான். இரண்டையும் ஒத்துப் பார்த்தான். நோட்டைத் திறந்து தேதியைப் போட்டான். செய்தது என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. பிழை என்பதற்கு எதிரே, கடிதத்தில் உள்ளபடி, என்று எழுதினான்.

நாளை: கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்ல வேண்டும். பத்து மணிக்குப் பொன்னுச்சாமி அண்ணாச்சி கடை. கடிதத்தை அவர் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். அங்கிருந்து மாடிக்குப் போய்ச் செல்லப்பா சாரிடம் நகலையும் வகுப்புச் சாவியையும் கொடுக்க வேண்டும்.